‘தூங்கினால் சரியாகிவிடும்’: விடுதியில் இன்னும் தொடரும் தவறுகள்

விடுதியில் துணைக் காப்பாளராக இருக்கிறேன். மாடிக்கு ஒருவர் என்று ஆண்டுதோறும் புதிய மாணவப் பொறுப்பாளர்கள் வருகிறார்கள். குடி விஷயத்தில் அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே, அறையில் பாட்டில் வைக்காதே என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையிலேயே இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

## எனர்ஜி டிரிங்க் கலப்பது

போதை குறையாது, ஏறியிருப்பது தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

## போதையில் கிடப்பவரைத் தூங்கவிட்டுப் போவது

சென்ற மாதம் ஒரு பொறுப்பாளர் சொன்னார்: “தூங்கிட்டான் சார், தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்.” மூச்சைக் கவனித்தாயா என்று கேட்டேன். “குறட்டை விட்டான் சார்.” எனக்கு வந்த எரிச்சலில் பாதி என்மீதே.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். படிக்கும் காலத்தில் என் அறைத்தோழன் ஓர் இரவு மிதமிஞ்சிக் குடித்துவிட்டான். வார்டனுக்குத் தெரிந்தால் விடுதியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், இரண்டு பேராகத் தூக்கி வந்து மல்லாக்கப் படுக்கவைத்து, விளக்கை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டோம். குளிருக்குப் போர்வை எடுக்கத் திரும்பி வந்தேன். இருட்டில் கரகரவென்று குறட்டை. விளக்கைப் போட்டால் வாய் நிறைய வாந்தி. புரட்டிப் போட்டதும் வெளியே கொட்டியது. போர்வைக்காக வந்தவன்தான் நான். அவனைப் பார்க்க வரவில்லை.

கடைசி கிளாஸைக் கீழே வைத்த பிறகும், வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். படுக்கும்போது உளறியவர் அரைமணி கழித்து எழுப்பினாலும் எழாத நிலைக்குப் போவது இதனால்தான். அப்போது மூச்சு மந்தமாகும். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காமல் காக்கும் அனிச்சைச் செயலும் மழுங்கும். ஒரு சின்ன பெக்கைக் கரைக்கக் கல்லீரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். காபி கொடுத்தாலும் அந்த வேகம் கூடாது. பச்சைத் தண்ணீரை ஊற்றினால், ஏற்கெனவே சூடு குறைந்துகொண்டிருக்கும் உடம்பு இன்னும் சில்லிட்டுப் போகும்.

உலுக்கிக் கூப்பிட்டும் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு 8 மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுகளுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம் பாரித்திருக்கிறது, வலிப்பு வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்பக்க முழங்காலை மடக்கி, வாய் தரையைப் பார்த்திருக்கும்படி செய்து, பக்கத்திலேயே உட்காருங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

## தண்டனைக்குப் பயந்து மறைப்பது

பல பல்கலைக்கழகங்களில், உதவிக்கு அழைத்தவர் மீதும் மயங்கிக் கிடந்தவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கையைத் தளர்த்தும் விதி உண்டு. பெரும்பாலும் அது குடித்ததற்கும் போதைப்பொருள் உபயோகித்ததற்கும் மட்டும்தான். விற்றதற்கும் அடிதடிக்கும் பொருந்தாது. உங்கள் கையேட்டில் இருக்கிறதா என்று சேர்ந்த வாரமே பாருங்கள். இல்லாவிட்டாலும் அழைக்கத்தான் வேண்டும்.

## மாத்திரையோடு மது

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம், வலிக்கான டிரமடால் எல்லாமே மதுவோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும். முறிமருந்து நலாக்சோன் இருக்கிறதே என்பார்கள். அது டிரமடால், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளை மட்டுமே முறிக்கும். மதுவையோ அல்பிரசோலத்தையோ ஒன்றும் செய்யாது. அதன் வேலையும் 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும். அதனால் கண் விழித்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

## டாக்டரிடம் பொய்

ஃபுட் பாய்சன் என்று சொல்லாதீர்கள். என் அறைத்தோழனை மறுநாள் கூட்டிப்போன கிளினிக்கில் நாங்கள் அதைத்தான் சொன்னோம். டாக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள். மாத்திரை அட்டை கிடைத்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.