உள்ளே போகிறது என்பதற்காகப் போடாதீர்கள்: துவக்கு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வீடும் பூநகரியில் வயலும் வைத்திருப்பவர்களுக்குக் காலபோகத்தில் இரண்டு கவலைகள்: மழை, பன்றி. மழையை ஒன்றும் செய்ய முடியாது. பன்றிக்காக விண்ணப்பம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஒருவழியாக 12 போர் (குழல்துளையின் அளவு) ரகத் துவக்கு ஒன்றைக் கையில் வாங்குகிறார்கள். அதன்பிறகு புதியவர்கள் செய்வதைப் பார்த்தால், ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் செய்த அதே கோணல்கள்தான். குழலை ஆள் பக்கம் திருப்பாதே, விசையில் விரலை வைத்துக்கொண்டு வரம்பில் நடக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் துவக்கைத் தொடவே கூடாது.

ரவை (தோட்டா) உள்ளே போகிறதே என்று போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து நிற்பார்.

பேரனாரின் இரட்டைக்குழல் துவக்கை உரிமை மாற்றி எடுத்த வடமராட்சித் தம்பி ஒருவர். பர்மிங்காமில் செய்த பழைய ஆங்கிலேயத் துவக்கு. கொழும்பில் பெரியப்பா வீட்டில் இருந்ததால் போர்க்காலத்தில் தப்பியது. மரக்கட்டையில் கைபட்டுக் கைபட்டு ஏறிய மினுமினுப்பு, குழலுக்கு மேலே கொடி வேலைப்பாடு. பார்த்தாலே ஆசை வரும். கடையில் கிடைத்த ரவையைப் போட்டுச் சுட்டிருக்கிறார். தோள் வலித்ததாம், பழைய துவக்கு அப்படித்தான் உதைக்கும் என்று நினைத்தாராம். ஒரு போகம் முடிவதற்குள் துவக்கு ஆடத் தொடங்கிவிட்டது. என்னிடம் கொண்டுவந்தபோது மூடிய நிலையிலேயே குழலுக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

“ரவை உள்ளே போனதுதானே, அண்ணை?” என்று கேட்டார். இந்தக் கேள்விதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது.

உள்ளே போகும். போகாமல் இருந்திருந்தால் துவக்குத் தப்பியிருக்கும். ரவைப் பெட்டியில் 70 மில்லிமீற்றர் என்று எழுதியிருப்பது சுடுவதற்கு முந்திய நீளமல்ல. சுட்டபின், வாய் மடிப்பு விரிந்து நிற்கும்போது உள்ள நீளம். நட்சத்திர வடிவில் வாயை மடித்த ரவையை எடுத்து அளந்தால் சுமார் 58 மில்லிமீற்றர்தான் இருக்கும். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் ரவை இருக்கும் அறையின் நீளம் 65 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலம். ஆகவே 70 ரவை சிரமமில்லாமல் உட்காரும். துவக்கும் சத்தமில்லாமல் மூடும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிகிறது. அறை முடிந்து குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் அதன் உதடு போய் நெருக்குகிறது. சன்னம் (ரவைக்குள் இருக்கும் குண்டுமணிகள்) வெளியேறும் வழி குறுகுகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. போதாக்குறைக்கு, 70 ரவையில் மருந்தும் சன்னமும் அந்தத் துவக்குக்குக் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஒவ்வொரு வெடிக்கும் கீல் சிறிது சிறிதாகத் தளரும். அதிர்ஷ்டம் கெட்டவருக்குக் குழலே பிளக்கும். துவக்கை முன்னால் தாங்கியிருக்கும் இடது கை அப்போது எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்த்துக்கொள்வது கடினமான வேலையல்ல. முன்கட்டையை எடுத்துக் குழலைக் கழற்றி, அறைக்குக் கீழே தட்டையாக இருக்கும் பகுதியைப் பாருங்கள். பிரித்தானியச் சோதனைக்கூட முத்திரைகளோடு 2½ என்றோ 2¾ என்றோ வெட்டியிருக்கும். ஐரோப்பியத் துவக்கென்றால் 65 அல்லது 70. எண்ணே இல்லாத மிகப் பழைய துவக்கை, அறையை அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டும்வரை சுடாதீர்கள். பெரியப்பாவோ தரகரோ “இதில் எல்லாம் போகும்” என்று சொல்வது அளவாகாது. ஒருமுறை யாரோ அறையை நீளமாகக் கடைந்திருந்தாலும், முத்திரை புதிதாக இல்லையென்றால் நான் அந்தத் துவக்கில் 70 ரவை போடமாட்டேன்.

குழல் முழுவதும் பன்னப்பாயின் பின்னல் போல வரிவரியாகத் தெரிந்தால் அது இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல். பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்தவை. சுவரில் மாட்டலாம், சுட வேண்டாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு விபத்து உண்டு. 20 போர் ரவையை 12 போர் துவக்கில் போட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கி நிற்கும். சுடுபவர் வெறும் துவக்கு என்று நினைத்துப் பின்னால் 12 ரவையைப் போடுகிறார். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 20 ரவையை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்ததே இதற்காகத்தான். இரண்டு ரகமும் வீட்டில் இருந்தால் ஒரே பையில் வைக்காதீர்கள்.

தம்பியின் துவக்கு இப்போது அலுமாரியில். ஆண்டுதோறும் கட்டணம் மட்டும் கட்டுகிறார்.

குழல் நீண்டால் தூரம் போகும் என்பது

போகாது.

பன்றிக்கும் மண்தட்டுக்கும் ஒரே துவக்கு

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான்மார் பறக்கும் மண்தட்டுச் சுடும் கதையைச் சொல்லி ஆசைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த விளையாட்டுக்கென்று செய்த மேலும்கீழுமான இரட்டைக்குழல் துவக்கு நீளமானது, பாரமானது. 110 மில்லிமீற்றர் தட்டைத் தொடர்ந்து, தடுமாறாமல் சுழல்வதற்கு அந்தப் பாரம் வேண்டும். ஒலிம்பிக் விதிப்படி ரவையில் 24 கிராம் சன்னம்தான். அதே துவக்கை இரவு முழுவதும் சேற்று வரம்பில் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். எது உங்கள் வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் அனுமதிப்பத்திரமும் பயிர்க் காவலுக்கா விளையாட்டுக்கா என்றுதான் கேட்கும்.

கடதாசியில் சுட்டுப் பார்க்காதது

குழல்வாயின் ஒடுக்கத்தைச் சோக் என்கிறோம். முழுச் சோக் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஒடுக்கம். 40 யார் (கஜம்), அதாவது சுமார் 37 மீற்றர் தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் சன்னத்தில் 70 சதவீதம் விழ வேண்டும். அரைச் சோக்குக்கு 60, கால் சோக்குக்கு 55, ஒடுக்கமே இல்லாவிட்டால் 40. இது புத்தகக் கணக்கு. உங்கள் துவக்கும் உங்கள் ரவையும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது கடதாசியில்தான் தெரியும். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிப் பலகையில் அறைந்து, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், அனுமதி பெற்றுச் சுடுங்கள். வட்டத்தைப் பிறகு கீறி எண்ணுங்கள்.

எஸ்.ஜி. போன்ற பெரிய சன்னத்துக்கு முழுச் சோக்தான் நல்லது என்று பலர் சாதிப்பார்கள். சில குழல்களில் அது சன்னங்களை நசுக்கிச் சிதறடிக்கும். கடதாசி சொல்வதை நம்புங்கள். இரட்டைக்குழலில் இடமும் வலமும் பெரும்பாலும் வேறு வேறு சோக். எந்த விசை எந்தக் குழல் என்றே அறியாமல் ஆண்டுக்கணக்கில் சுடுபவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொருவர் உடம்புக்குச் செய்த கட்டை

சன்னம் சுடும் இந்த வகைத் துவக்கில் (சொட்கன்) குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையின் ஒரே இடத்தில் படியாவிட்டால் சன்னம் வேறெங்கோ போகும். ஆறடி வெள்ளைக்காரருக்குச் செய்த கட்டை உங்கள் அக்குளில் இடறும். வெறும் துவக்கு என்று இருமுறை உறுதிசெய்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் நுனிமணி நேரே தெரிந்தால் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் துவக்கு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கதிரை செய்யும் தச்சரிடம் வேண்டாம். வலது கையாளருக்கு இடது கண் ஓங்கியிருப்பதும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது அது.

வீட்டுக் காவல் என்ற கற்பனை

பயிர்க் காவலுக்குத் தந்த துவக்கு கள்ளனுக்குரியதல்ல. அதற்கென்றே அனுமதி உள்ளவரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அறைக்குள் சன்னம் விரியாது. ஐந்து மீற்றரில் அதன் அகலம் உள்ளங்கையளவே. கண்ணை மூடிச் சுட்டாலும் படும் என்பது பொய். தவறிய எஸ்.ஜி. சன்னத்தைப் பலகைக் கதவோ தகரமோ கிடுகு வேலியோ நிறுத்தாது. எங்கள் ஒழுங்கைகளில் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. தற்காப்பிலும் தேவைக்கு மிஞ்சிய தீங்கைச் சட்டம் ஏற்காது.

சேப்டி

பல இரட்டைக்குழல்களில் சேப்டி என்ற தடுப்புப் பூட்டு விசையை மட்டும்தான் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சுத்தியலை அல்ல.

உறைக்குள் வைப்பது, நல்லெண்ணெய் பூசுவது

உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கன்வஸ் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். துரு உள்ளிருந்தே தொடங்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாளடைவில் பிசினாகி விசையையும் பூட்டையும் இறுக்கிவிடும். துவக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் இயந்திர எண்ணெய் போதும். ரவையை வேறு இடத்தில், பூட்டி வையுங்கள்.

டிசம்பர் 31

அனுமதிப்பத்திரம் அன்றைக்கு முடிகிறது. கதிர் முற்றுவதும் பன்றி இறங்குவதும் அதே நாட்களில்தான். நவம்பரிலேயே அலுவலகத்துக்குப் போங்கள்.