வான்கோழி வேட்டைக்கு எந்த அம்பு முனை?

அமெரிக்கக் காட்டு வான்கோழி பார்க்கத்தான் பெரிது. உள்ளே இதயமும் நுரையீரலும் சேர்ந்தே ஓர் ஆரஞ்சுப்பழ அளவுதான். எனவே பட்டதும் விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட்டில் (பிளேடு பொருத்திய அம்பு முனை) 2 அங்குல அகலமாவது வெட்டும் முனையை எடுங்கள். ஆனால் பிளேடு விரியவே அம்பின் வேகம் கொஞ்சம் செலவாகும். வில்லின் இழுவிசை 45 பவுண்டுக்குக் கீழே என்றால் விரியாத, நிலையான பிளேடே நல்லது.

கழுத்தைக் குறிவைக்கும் கில்லட்டின் வகை முனை பட்டால் பறவை அங்கேயே விழும். அதன் அகன்ற பிளேடு வில்லில் இடிக்காதபடி நீள அம்பும், நேராகப் பறக்கப் பெரிய பின்னிறகும் வேண்டும். 20 கஜத்துக்குள் மட்டும் எய்யுங்கள்.

பயிற்சி முனையும் வேட்டை முனையின் அதே எடையில், 100 அல்லது 125 கிரெயினில் (முனையின் எடையைச் சொல்லும் சிறிய அலகு), இருக்கட்டும். மெக்கானிக்கலில் பிளேடைப் பிடிக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். பறக்கும்போதே பிளேடு விரிந்தால் அம்பு திசைமாறி, பறவை காயத்தோடு தப்பிவிடும்.