கூட்டாக நிலம் வாங்கிக் குடியேறுபவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து ஆறு ஏக்கர் வாங்கினோம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பொதுச் சமையற்கட்டு, காய்கறித் தோட்டம், பிள்ளைகள் படிக்க ஒரு மண்டபம் என்று பக்கத்துப் பக்கத்தில் வாழ ஆசைப்பட்டோம். கடந்த நவம்பர் மழையில் மண்டபத்தின் பின்சுவர் சாய்ந்தது. அடுத்த மாதம் ஒரு குடும்பம் விலகியது. முதலில் செய்ய வேண்டியவற்றைக் கடைசிக்குத் தள்ளியதால் வந்தவை இரண்டும்.

முதல் தவறு கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, சரியாகப் படிக்காதது. "இப்போது வாங்குங்கள், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் குறைவாகத் துண்டு போட முடியாது. அது ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆறு ஏக்கரை ஒன்பது பங்காக்க வழியே இல்லை. எல்லார் பெயரும் ஒரே கிராண்டில் பங்குரிமையாக நிற்கும். முழு நிலத்தையும் விற்பதானாலும் அடகு வைப்பதானாலும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டி விற்பதாகச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. அதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இன்னொன்று, விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடும் விவசாயக் கொட்டகையும் கட்டச் சட்டம் இடம் தருகிறது. மண்டபம், விருந்தினர் அறை என்று போனால் நில அலுவலகத்தையும் நகராண்மைக் கழகத்தையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன், எங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான். மேட்டை வெட்டிச் சமதளமாக்க மண்வாரி இயந்திரத்தை வரவழைத்தோம். சரிவின் குறுக்கே அந்தக் காலத்தில் வெட்டிய கால்வாய்கள் புதர் மூடிக் கிடந்தன. மழைநீரை மெதுவாக இறக்கவும் மண் அரிக்காமல் காக்கவும் வெட்டியவை அவை. முப்பது வருடம் பால் வெட்டிய பாட்டி ஒருவர், "அதை மூடாதீங்கப்பா, தண்ணி அந்த வழியாத்தான் வரும்" என்று சொல்லியும் பார்த்தார். மூடிவிட்டோம். மண்டபத்தின் பின்சுவருக்கும் வெட்டிய மேட்டுக்கும் இடையில் அதே களிமண்ணைக் கொட்டி நிரப்பினோம். களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கனத்தது. வடிய இடமில்லாமல் சுவரைத் தள்ளியது. சுவருக்குப் பின்னால் ஜல்லி போட்டு, அடியில் துளையிட்ட குழாய் பதித்து, சுவரிலேயே நீர் வடியத் துளைகள் விட்டிருந்தால் நின்றிருக்கும். நிலம் வாங்கியதும் ஒரு மழைக்காலம் சும்மா இருந்து, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குடை பிடித்து நடந்து பாருங்கள். கட்டட இடத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

வெட்டிப் போட்ட ரப்பர் மரம் சும்மா கிடக்கிறதே என்று சமையற்கட்டுக்குத் தூணாக நட்டதும் தவறு. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டும் பூஞ்சையும் தேடி வரும். போரான் மருந்தேற்றி உலர்த்தினால் நல்ல மேசை நாற்காலி கிடைக்கும். மண்ணில் நடும் மரமல்ல அது. இரண்டு வருடத்துக்குள் அடி உளுத்துவிட்டது. செங்கால் என்ற உறுதியான காட்டு மரம் தாங்கும், ஆனால் விலை அதிகம். நாங்கள் இப்போது தரைக்கு மேல் சிமெண்டுக் கட்டை எழுப்பி, மருந்தேற்றிய மரத்தை அதன்மேல் நிறுத்துகிறோம். கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி, தாழ்வான பக்கம் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, விலகும் குடும்பத்துக்குப் பங்கை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எழுதி வைக்காதது. உறவுக்குள் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டோம். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்தன. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அப்படிப்பட்ட சங்கத்தில் பங்கும் விதியும் எழுத்தில் இருக்கும். அந்த வரலாற்றைப் பெருமையாகப் பேசும் நாங்களே அதைச் செய்யவில்லை. விலகிய குடும்பம் போட்ட பணம் மண்டபத்துச் சுவரிலும் மண்வாரிக் கூலியிலும் போய்விட்டது. கையில் கொடுக்க அப்போது எங்களிடம் ஒன்றுமில்லை. நல்ல மனிதர்கள், மனம் கசந்துதான் போனார்கள்.

இப்போது இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறோம். பங்கின் மதிப்பை யார் கணக்கிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது, ஒருவர் இறந்தால் வாரிசு தங்கலாமா, பொதுப் பணத்தில் எவ்வளவு கட்டடத்துக்குப் போகலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எட்டுக் குடும்பமும் வழக்கறிஞர் முன்னால் கையெழுத்துப் போட்ட மறுவாரம்தான் சமையற்கட்டின் புதிய தூண்களுக்குக் குழி தோண்டினோம். முதல் தவணைப் பணமும் விலகிய குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.