புது ரேஸ் டிராக்கைக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் செஷனிலேயே, அதாவது முதல் தடவை டிராக்கில் இறங்கி ஓட்டும்போதே, லேப் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) பார்க்க ஆரம்பிப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய். பழகிய டிராக்கில் நன்றாகவே ஓட்டுகிறவர்கள்கூட புது இடத்துக்குப் போனால் தடுமாறுகிறார்கள், அதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. பழகிய இடத்தில் கார் ஒரு வளைவுக்குள் இருக்கும்போதே கண் அடுத்த வளைவுக்குப் போய்விடும். புது இடத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் கண் பானட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் பக்கத்தில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் காலும் எப்போதும் தாமதமாகத்தான் வேலை செய்யும். டிராக் தெரியாத நிலையில் கூட்டுகிற வேகம் வெறும் அதிர்ஷ்டத்தில் ஓடுகிற வேகம். அதனால் முதல் செஷனுக்கு டைமரை மறைத்துவிட்டு, நீங்கள் ஓட்டக்கூடிய வேகத்தில் முக்கால்வாசி போதும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மிச்சக் கவனம் பார்ப்பதற்கு வேண்டும்.

தயாராகும் விதத்திலிருந்தே தொடங்கலாம். வீடியோ பார்ப்பது நல்லது, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது. எந்த வளைவுக்குப் பின் எது வரும் என்ற வரிசை மனப்பாடமாகிவிட்டால் பாதிச் சுமை குறையும். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும் கொண்ட ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப போன்ற இடத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் போகவே கூடாது. தவறு எங்கே என்றால், சிமுலேட்டரில் கிடைத்த பிரேக்கிங் பாயிண்ட்டை (வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்தை) அப்படியே நிஜ டிராக்குக்குக் கொண்டு போவதில். உடம்பில் ஏறும் விசையும் டயரின் அன்றைய நிலையும் சிமுலேட்டரில் முழுதாக வராது. வீடியோவிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது: காருக்குள் வைக்கும் அகலக் கோண கேமரா மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிக் காட்டும். அமெரிக்காவின் லகுனா செக்கா டிராக்கில் கார்க்ஸ்க்ரூ என்ற வளைவு கிட்டத்தட்ட 18 மீட்டர் கீழே இறங்குகிறது, வீடியோவில் பார்த்தால் சாதாரண இடது வலது போலத்தான் தெரியும். நேரில் போனால் பிரேக் பிடிக்கிற இடத்திலிருந்து அடுத்த பக்கமே தெரியாது. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது கார் இலேசாகி டயரின் பிடிப்பு குறையும், இறக்கத்தில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். இதெல்லாம் தெரிய வேண்டுமானால் நடந்துதான் பார்க்க வேண்டும்.

நடக்க அனுமதி கிடைத்தும் அதைக் கூட்டமாகப் பேசிக்கொண்டே போகிற உலாவாக்கிவிடுகிறார்கள் பலர். முடிந்தால் தனியாக நடங்கள். ஒவ்வொரு முக்கிய வளைவுக்கு முன்னாலும் குனிந்து உட்காருங்கள், ஏனென்றால் காரில் உங்கள் கண் இருக்கும் உயரம் அதுதான். நிற்கும்போது தெரிகிற அபெக்ஸ் (வளைவில் கார் உள் ஓரத்தை ஒட்டும் புள்ளி) உட்கார்ந்தால் கெர்புக்கு, அதாவது டிராக்கின் ஓரத்தில் இருக்கும் மேட்டு விளிம்புக்கு, பின்னால் மறைந்துபோகும். அப்புறம் தரையைப் பாருங்கள். எந்த கெர்ப் தட்டையாக இருக்கிறது, எது காரைத் தூக்கி எறியும் அளவுக்கு உயரம், எங்கே தார் மாறுகிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், தரை எந்தப் பக்கம் சாய்கிறது. டிராக்கை விட்டு நேராகச் சரளைக்குள் போகும் கருப்பு ரப்பர் தடங்களை மட்டும் கண்டிப்பாகத் தேடுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எங்கே ஏமாந்தார்கள் என்பதை அவை சொல்லிவிடும், அந்த வளைவில் நீங்களும் ஏமாற நல்ல வாய்ப்பு இருக்கிறது. சாய்வும் லேசான விஷயம் இல்லை. 2020-ல் திருத்தி அமைத்த, நெதர்லாந்தில் உள்ள ஜாண்ட்வோர்ட் டிராக்கின் மூன்றாம் வளைவில் வெளிப்பக்கம் போகப் போகச் சாய்வு கூடுகிறது, அதனால் உள்பக்கத்தை ஒட்டிப் போவதைவிட மேலே ஏறிப் போவது அங்கே பலன் தரும். வரைபடத்தை மட்டும் பார்த்து லைனை (கார் போக வேண்டிய தடத்தை) முடிவு செய்தவருக்கு இது பிடிபடவே படாது.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற தவறு: சீக்கிரம் திருப்புவது. தெரியாத வளைவில் உள்பக்க கெர்ப் கண்ணில் பட்டதும் கை தானாக அதை நோக்கித் திரும்பும். அபெக்ஸைத் தொட்டுவிட்டோம் என்று ஒரு நிம்மதி வரும், ஆனால் காரின் மூக்கு அப்போது வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வளைவு இன்னும் முடிந்திருக்காது. ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவீர்கள், முன்சக்கரம் கேட்காது, வெளி ஓரம் நெருங்கும், பயத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவீர்கள். அந்த நொடியில் எடை முன்னால் போய், பின்பக்கம் இலேசாகி, கார் சுழலும். புதியவர்கள் சுழல்வதில் இந்த வரிசையை அடிக்கடி பார்க்கலாம். அதனால் தெரியாத வளைவு எல்லாவற்றிலும் தாமதமாகத் திருப்புங்கள், தாமதமான அபெக்ஸை எடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அபெக்ஸுக்குப் பிறகு ஸ்டீயரிங்கை மேலும் திருப்ப வேண்டி வந்தால் நீங்கள் சீக்கிரம் திரும்பிவிட்டீர்கள். வெளியே வரும்போது டிராக்கில் இடம் மிச்சமிருந்தால் நீங்கள் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள், அடுத்த லேப்பில் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு சக்கரம் வெளியே இறங்கிவிட்டால் வெடுக்கென்று உள்ளே இழுக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து வேகத்தை மெதுவாகக் குறைத்து அப்புறம் உள்ளே வாருங்கள்.

பிரேக்கிங் பாயிண்ட்டை இன்னொருவரிடம் கேட்டு வாங்குவதும் இதே அளவு ஆபத்து. "100 மீட்டர் பலகையில் பிடி" என்று நண்பர் சொன்னால் அது அவருடைய காருக்கும் அவருடைய டயருக்கும் அவர் அந்த இடத்துக்கு வந்து சேரும் வேகத்துக்கும் பொருந்துகிற கணக்கு. வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடும் என்பதால் 140-ல் வருகிற கார் 100-ல் வருவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆற்றலை பிரேக்கில் கரைக்க வேண்டியிருக்கும். நிச்சயமாகப் போதும் என்று தோன்றுகிற இடத்தில் ஆரம்பித்து, சில மீட்டர்களாக வளைவை நோக்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று: முந்தைய வளைவிலிருந்து வெளியே வருவதில் தேர்ந்துகொண்டே போனால் நேர்ப்பாதையின் முடிவில் உங்கள் வேகமும் கூடியிருக்கும், ஆகவே காலையில் சரியாக இருந்த பிரேக்கிங் பாயிண்ட் மதியம் தாமதமானதாகிவிடும். அடையாளமாக நிழலை வைக்காதீர்கள், அது நகரும். கூம்பை வைக்காதீர்கள், யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள். கெர்ப் தொடங்கும் இடம், தார் நிறம் மாறும் இடம், மார்ஷல் (கொடி காட்டும் பாதுகாப்புப் பணியாளர்) நிற்கும் மேடை, இவை எங்கும் போகாது.

எல்லா வளைவையும் ஒரே நேரத்தில் கற்க முயல வேண்டாம். நீண்ட நேர்ப்பாதைக்கு முன்னால் இருக்கும் வளைவை முதலில் பிடியுங்கள். பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் லா சோர்ஸ் ஹேர்பினை (ஊசி போல மடங்கும் கூர்மையான வளைவை) விட்டால் இறக்கம், ஓ ரூஜ் என்ற வளைவு, ஏற்றம், பிறகு நீண்ட கெம்மல் நேர்ப்பாதை. ஹேர்பினில் ஆக்சிலரேட்டரைத் தாமதமாக மிதித்த நஷ்டம் அவ்வளவு தூரமும் கூடவே வரும்.

வேகமானவர் பின்னால் ஒட்டிக்கொண்டு கற்பது ஒன்றிரண்டு லேப்புக்கு உதவும். அதற்கு மேல் போனால் உங்கள் கண் அவருடைய பின்விளக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், அவர் தவறினால் நீங்களும் கூடவே போவீர்கள். டிராக்கைக் கற்கிற நாளில் சஸ்பென்ஷனையும் மாற்றாதீர்கள். டயர் காற்றைச் சரிபார்த்தால் போதும்.

கொடிகளைத் தவறவிடுவது புதியவர்களிடம் சகஜம், மனசு முழுக்க அடுத்த வளைவில் இருப்பதால் ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி கண்ணில் பட்டும் பதியாது. ஒவ்வொரு மார்ஷல் மேடையும் எங்கே இருக்கிறது என்பதை லைனோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பிட் லேனுக்குள் (கார்கள் டிராக்கை விட்டு வந்து நிற்கும் பாதைக்குள்) எங்கே திரும்புவது, வெளியே வரும்போது எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதையும் ஓட்டுநர் கூட்டத்திலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்க வருகிற அனுபவசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தெரிந்த எல்லாவற்றையும் ஒரே செஷனில் கொட்டாதீர்கள். வளைவுக்கு நடுவில் பேசினால் அது காதில் ஏறாது. சொல்ல வேண்டியதை நேர்ப்பாதையிலேயே, இரண்டு மூன்று சொற்களில் சொல்லிவிடுங்கள். ஒரு செஷனுக்கு ஒரு விஷயம் போதும். செஷன் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் வெற்றுத் தாளைக் கொடுத்து டிராக்கை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள், திரும்பும் இடம், அபெக்ஸ், வெளியேறும் இடம் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கேதான் அடுத்த செஷனின் வேலை இருக்கிறது. பாதியில் மறந்துபோன வளைவை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், அடுத்த முறை அவரே பார்த்து வரட்டும்.

மழை வந்தால் கற்ற லைனை நம்பி அப்படியே போகக் கூடாது. காய்ந்த நாளில் ரப்பர் படிந்து நல்ல பிடிப்புக் கொடுத்த அதே தடம் ஈரத்தில் வழுக்கும், பெயின்ட் அடித்த கெர்ப் அதைவிட மோசம். லைனை விட்டுச் சற்று வெளியே பிடிப்பு எங்கே இருக்கிறது என்று மெதுவாகத் தேட வேண்டும். மழையே இல்லாவிட்டாலும், இரண்டாம் நாள் காலையில் டயரும் தரையும் குளிர்ந்திருக்கும்போது முந்தின நாள் மாலை எட்டிய பிரேக்கிங் பாயிண்ட்டிலிருந்து தொடங்காதீர்கள். டயர் சூடேறும்வரை முன்கூட்டியே பிடித்து, பிறகு பழைய இடத்துக்குப் படிப்படியாகப் போங்கள்.