பைனல், புது பைனல், கடைசி பைனல்

அம்பாசமுத்திரம் கிளையில் ஒரு விலைப்பட்டியல், வள்ளியூரில் வேறொன்று, திருநெல்வேலி வண்ணார்பேட்டை தலைமை அலுவலகத்தில் மூன்றாவது. மூன்றின் பெயரிலும் 'பைனல்' என்று இருக்கிறது. எந்த விலைக்குப் பில் போடுவது? பல கிளைகள் உள்ள நிறுவனங்களின் ஆவணங்களை ஒழுங்குபடுத்தப் போகும்போது நான் முதலில் பார்க்கும் தவறு இதுதான்.

கிளைக்குக் கிளை ஃபைலை அனுப்பாதீர்கள். அது இருக்கும் இடத்தின் லிங்கை அனுப்புங்கள். எல்லாரும் பார்க்கலாம், திருத்தும் உரிமை ஒருவருக்குத்தான். பெயர் '2025-06-12 விலைப்பட்டியல்' என்று இருக்கட்டும். ஆண்டு முதலில் வந்தால் கணினி தானாகவே தேதிவாரியாக அடுக்கிவிடும். பழைய பட்டியலை அழிக்க வேண்டாம், 'பழையவை' ஃபோல்டருக்கு மாற்றினால் போதும்.

அப்புறம் வாட்ஸ்அப். சரக்கு இறங்கியதும் கையெழுத்தான டெலிவரி சலானைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். அதோடு வேலை முடிந்ததாக நினைப்பு. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது, அந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருப்பார். போட்டோ இருந்த போனும் அவரோடு போயிருக்கும். அன்றைய சலான் அன்று சாயங்காலத்துக்குள் பொது ஃபோல்டரில் ஏறியாக வேண்டும்.

இடம் இல்லை என்று பழைய பேப்பர் கடைக்கு அள்ளிப் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுக்கு இருக்க வேண்டும். வழக்கு, மேல்முறையீடு நடக்கிறதென்றால் அதற்குரியவற்றைத் தொடவே கூடாது. ஊழியர்களின் ஆதார் நகல்களை முழுசாக எடைக்குப் போடுவது பெரிய ஆபத்து. கிழித்துத் துண்டாக்கிய பிறகுதான் வெளியே போக வேண்டும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஓர் அலுவலகத்தில் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தோம். பில் புக்குகள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி கிடந்தன. பிரித்த பக்கத்தில் நீல மை மட்டும் படர்ந்திருந்தது. எண்கள் இல்லை. "பேக்கப் இருக்கிறது" என்றார்கள். அந்த ஹார்டு டிஸ்க்கும் அதே தட்டில்தான் இருந்தது.

காகிதங்களை மாடிக்கு ஏற்றுங்கள். ஒரு நகல் தென்காசியிலோ வேறு ஊர்க் கிளையிலோ இருக்கட்டும், இன்னொன்று கிளவுடில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு பில்லைத் திறந்து, எண்கள் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.