பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கும் முன்: கம்ப்ரஷன் ரிப்போர்ட்டின் ஆறு எண்களைப் படிப்பது எப்படி

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 விற்பவர்கள் பலர் "கம்ப்ரஷன் 100 பி.எஸ்.ஐ. இருக்கு" என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்வார்கள். கம்ப்ரஷன் என்றால் இன்ஜினுக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம். அந்த ஓர் எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் காரில் இருப்பது 13பி-எம்எஸ்பி ரெனிசிஸ் என்ற ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவில் சுற்றும் இரண்டு ரோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள். ஆக மொத்தம் ஆறு எண்கள் வேண்டும். அளக்கும்போது ஸ்டார்ட்டர் இன்ஜினை எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது என்பதும் வேண்டும். இந்த ஏழில் எது விடுபட்டாலும் ரிப்போர்ட் பாதிதான்.

சாதாரண பிஸ்டன் கார் கேஜ் இங்கே ஏமாற்றிவிடும். அதன் ஹோஸ் முனையில் உள்ள ஒருவழி வால்வு, மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு முகம் செத்துப்போய் ஒன்று நன்றாக இருந்தாலும் முள் நல்ல எண்ணில்தான் நிற்கும். முகம் முகமாகப் பதிவு செய்யும் ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில்தான் அளக்க வேண்டும்.

கம்பெனி கணக்கு 250 ஆர்பிஎம்முக்கானது. புது இன்ஜினுக்கு 8.5 கிலோ (சதுர செ.மீ.க்கு; 830 கிலோபாஸ்கல்). குறைந்தபட்சம் 6.9 கிலோ, அதாவது 680 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 98 பி.எஸ்.ஐ. ஒரே ரோட்டாரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு ரோட்டார்களுக்கும் இடையே 1 கிலோவைத் தாண்டக் கூடாது. ரிப்போர்ட் எந்த அலகில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 6.8 என்பது பார் (bar, 100 கிலோபாஸ்கல்) கணக்கில் பாஸ், கிலோ கணக்கில் ஃபெயில்.

அளக்கும் முறை: இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஃப்யூவல் பம்ப் ரிலேயைக் கழற்றி, இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட வேண்டும். ரோட்டாருக்கு இரண்டு பிளக். ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் டெஸ்டரை மாட்ட வேண்டும். மற்றது இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்தத் துளை வழியே போய்விடும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஐந்தாறு விநாடி கிராங்க் செய்தால் எண் நிலையாக நிற்கும். ஹவுசிங் அலுமினியம், சூட்டில் மரை எளிதாகக் கெடும். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே போடுங்கள்.

வேகம் கூடினால் எண்ணும் கூடும். புது ஸ்டார்ட்டர் 300 ஆர்பிஎம்மில் சுற்றிக் காட்டும் 7.0 உண்மையில் பாஸ் அல்ல. 250க்குத் திருத்தினால் வரம்புக்குக் கீழே போய்விடும். களைத்த ஸ்டார்ட்டர் 200இல் காட்டும் 6.6, திருத்தினால் தேறக்கூடும். திருத்துவதற்கு மாஸ்டாவின் வரைபடம் இருக்கிறது. ஒர்க்ஷாப்பிடம் திருத்திய எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி எண்களின் அமைப்பைப் பாருங்கள், பழுது அதில்தான் தெரியும். ஓர் எடுத்துக்காட்டு: முன் ரோட்டார் 7.6, 7.5, 7.7, பின் ரோட்டார் 7.4, 5.6, 5.7. பின் ரோட்டாரில் பக்கத்துப் பக்கத்து முகங்கள் இரண்டு சேர்ந்து இறங்கியிருக்கின்றன. ரோட்டாரின் மூலையில் காற்றை அடைக்கும் பட்டையான அபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்கு நடுவே நிற்பதால், அது தேய்ந்தாலோ உடைந்தாலோ இரண்டும் சேர்ந்தே விழும். இன்ஜினைப் பிரிக்காமல் இதைச் சரிசெய்ய முடியாது. ஒரே ஒரு முகம் மட்டும் இறங்கினால் அந்த முகத்தின் சைடு சீல் (ரோட்டாரின் பக்கவாட்டில் காற்றை அடைக்கும் பட்டை) மீது சந்தேகம். ரெனிசிஸில் அது கரி படிந்து பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்வது வழக்கம். கரியை நீக்கினால் சில சமயம் விடுபடும், ஆனால் விலை பேசும்போது அதை நம்பாதீர்கள். ஒரு ரோட்டாரில் மூன்று முகமும் ஒன்றுபோல் குறைந்தால் சீல்கள் எல்லாம் தேய்ந்திருக்கலாம், ஹவுசிங்கின் குரோம் பூச்சு உரிந்திருக்கலாம். ஆறும் சேர்ந்து குறைந்திருந்தால் தீர்ப்புச் சொல்லும் முன் பேட்டரி, ஸ்டார்ட்டர், சூடு ஆகியவற்றைச் சோதித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பொய் எண்கள் வரும் வழிகள் இரண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால் பெட்ரோல் தேங்கி, சீல்மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். மாறாக, பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் தேய்ந்த இன்ஜினும் பாஸாகும். முதல் ஸ்டார்ட்டில் புகை மண்டினால் சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: இருபது நிமிடம் ஓட்டிவிட்டு அளப்பது.

டெஸ்டர் கிடைக்காத ஊரில், சாதாரண கேஜின் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு முள்ளை மொபைலில் ஸ்லோ மோஷனில் படமெடுங்கள். மூன்று துள்ளல்களும் ஒரே உயரமா என்பது தெரியும். சரியான அளவு தெரியாது. ஒன்று கூழையாக இருந்தால் அத்தோடு திரும்பிவிடலாம்.

திருத்திய எண்கள் ஆறும் 7.5க்கு மேல் என்றால் தயங்காமல் விலை பேசலாம். 6.9க்கும் 7.2க்கும் நடுவே என்றால் இன்ஜின் பிரிக்கும் நாள் தொலைவில் இல்லை. அந்தச் செலவை விலையில் கழியுங்கள். எதுவானாலும், நன்றாக ஓட்டி அணைத்து, பத்து நிமிடம் கழித்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் இழுத்து இழுத்துப் பிடிக்கும் கார், ரிப்போர்ட் என்ன சொன்னாலும், இன்னொரு முறை அளக்கப்பட வேண்டிய கார்.