பினாங்கில் இண்டர்ன்ஷிப் தேடும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

"சிஜிபிஏ (மொத்தச் சராசரி மதிப்பெண்) மூன்றைத் தொடவில்லை, அதனால்தான் யாரும் கூப்பிடவில்லை." இப்படிச் சொல்லும் மாணவரின் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தால், பயிற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதே அதில் இருக்காது. மதிப்பெண் வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டுதான். ஆனால் தேதி இல்லாத விண்ணப்பம் அந்த வரம்பு வரைகூடப் போவதில்லை.

காரணம் எளிது. பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு 20 வாரப் பயிற்சி. பொறியியல் பட்டப்படிப்புக்கு அங்கீகார விதிப்படி குறைந்தது 8 வாரம். அதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நிறுவனமோ தன் திட்டத்துக்கு ஏற்ப மூன்று மாதமோ ஆறு மாதமோ கேட்கும். இரண்டும் பொருந்துமா என்று எச்ஆர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே மின்னஞ்சலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "இண்டர்ன்ஷிப் விண்ணப்பம் – மெக்கானிக்கல் டிப்ளோமா – 9 மார்ச் முதல் 24 ஜூலை வரை – 20 வாரம்". ஐம்பது கம்பெனி முகவரிகளை ஒரே மின்னஞ்சலில் அடுக்கி அனுப்புவது வேண்டாம். பெறுபவர் எல்லா முகவரியையும் பார்ப்பார், பதில் போட மாட்டார்.

மார்ச்சில் தொடங்க ஜனவரியில் எழுதுவதும் தாமதம்தான். டிசம்பரில் பாதி அலுவலகம் விடுப்பில் இருக்கும், அடுத்து சீனப் பெருநாள் வந்துவிடும். நவம்பர் நடுவுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ரெஸ்யூமில் அடையாள அட்டை எண், மதம், அப்பாவின் வேலை எல்லாம் எழுதும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. எதுவும் தேவையில்லை, அடையாள அட்டை எண்ணை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புவது ஆபத்தும்கூட. அந்த இடத்தில் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். "கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர்" என்று எழுதினால் கேட்பவருக்குப் பிடி கிடைக்காது. இதைப் பாருங்கள்: "ஆர்டுயினோவும் அல்ட்ராசோனிக் சென்சாரும் கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மட்டம் காட்டும் கருவி. வயரிங், கோடிங் என் பங்கு. தொட்டி நிறையும்போது அளவு பிசகியது; சென்சாரை 5 செ.மீ. உயர்த்திச் சரிசெய்தேன்." இதைப் படிக்கும் இன்ஜினியர் "ஏன் உயர்த்தினாய்?" என்று கட்டாயம் கேட்பார். தண்ணீர் சென்சாருக்கு மிக அருகில் வந்தால், ஒலி போய்த் திரும்பும் நேரத்தைச் சென்சாரால் அளக்க முடியாது. இந்தப் பதிலை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகியிருந்தால் நேர்காணலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, தன் வேலையைப் பற்றிப் பேசுபவருக்கு வார்த்தை கிடைத்துவிடும்.

"மண்டரின் தெரிந்தவருக்கு முன்னுரிமை" என்று பார்த்ததும் நம் பிள்ளைகள் பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். வருத்தம் நியாயமானது, ஆனாலும் மூட வேண்டாம். முன்னுரிமை என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு. வேலை சீன வாடிக்கையாளரோடு பேசுவதா, இயந்திரத்தைச் சோதிப்பதா என்று ஒரு வரியில் கேளுங்கள். இரண்டாவது என்றால் விண்ணப்பியுங்கள்.

அடுத்த சறுக்கல் கொஞ்சம் கொடுமையானது. நேர்காணல் முடிந்து இன்ஜினியர் போனில் "ஓகே, வாங்க" என்கிறார். மாணவர் மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடுகிறார். அது வாய்ப்பேச்சு மட்டுமே. எச்ஆர் கையெழுத்திட்ட கடிதம் வர வேண்டும், பல்கலைக்கழகம் தந்த பதில் படிவத்தில் கம்பெனி முத்திரை விழ வேண்டும், அந்தப் படிவம் கெடு நாளுக்குள் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். படிவம் யாரோ ஒருவரின் மேசையில் இரண்டு வாரம் கிடந்தால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். யாரிடம் இருக்கிறது என்று மூன்று நாளுக்கு ஒருமுறை கேட்பது தொல்லை கொடுப்பதாகாது. ஒன்றை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு இன்னொன்றுக்குத் தாவுவது மட்டும் வேண்டாம்; அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரியின் பெயரைப் பார்த்தே ஜூனியரை ஒதுக்கிவிடுவார்கள்.

பயணச் செலவைக் கையெழுத்துக்கு முன்பே கணக்குப் பாருங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து தீவுக்குள்ளேயே இருக்கும் பாயான் லெப்பாஸ் போவது ஒன்று, பாலம் கடந்து பெருநிலத்தில் இருக்கும் பத்து காவான் போவது முற்றிலும் வேறு. 2014இல் திறந்த இரண்டாவது பாலமே 24 கிலோமீட்டர். 2019 ஜனவரியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, காருக்கு உண்டு. ஆனால் மழையும் காற்றும் அடிக்கும் நாளில் அந்தப் பாலத்தில் மோட்டார் ஓட்டுவது விளையாட்டில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் பயிற்சி மாணவர்களுக்கும் இடம் உண்டா என்று எச்ஆரிடம் கேளுங்கள். அலவன்ஸிலிருந்து பெட்ரோல், அறை வாடகை, சாப்பாடு கழித்து மீதி என்ன என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"பதிவுக் கட்டணம்", "சீருடை டெபாசிட்" என்று யார் பணம் கேட்டாலும் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசிக் கேமராவுக்கு அனுமதி இல்லை, கல்லூரியோ அறிக்கையில் படம் கேட்கும். எதைப் படம் எடுக்கலாம், எந்த எண்களை வெளியே சொல்லலாம் என்று மேற்பார்வையாளரிடம் முதல் வாரமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்துக்குத் தடை என்றால் இயந்திரத்தின் அமைப்பைக் கையால் வரைந்து, அந்தப் பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கலாம்.